கன்னியம்மாளின் முகத்தை யாரும் திருத்த வேண்டாம்

நம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் அந்தப் படம் வந்தபோது, ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘கன்னியம்மாள்’. நடுவில் வெளுத்த கன்னமும் ரோஜா நிற உதடுமாக யாரோ ஒரு பெண். வேறு ஏதோ கன்னியம்மாள் என்று அரை நிமிடம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் அவள் கழுத்தில் நம் கல்லூரி அடையாள அட்டையின் நீலக் கயிற்றைப் பார்த்தேன். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்தாறு வயது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் தீராமலேதான் இதை எழுதுகிறேன். அவளோடு படித்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடையாறில் முதுகலை படித்தபோது இருவரும் ஒரே பாடத்தை எடுத்தோம். கேமரா எடுத்த படத்தைக் கணினியால் சீராக்குவது, மாற்றுவது, இதுதான் பாடம். அவள் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறார். நான் மயிலாப்பூர்க்காரி. முதல் பயிற்சியில், வகுப்பில் எல்லோர் முகத்தையும் ஒரே ‘சரியான’ வெளிச்ச அளவுக்குக் கொண்டுவரும் நிரலை எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. திரையில் எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். கன்னியம்மா மட்டும் முகமெல்லாம் திருநீறு பூசியதுபோல் சாம்பலாக இருந்தாள்.

“இது யாரு?” என்று என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீதான்டி.”

“நானா? வெளிச்சம் பத்தலைன்னா வெளிச்சத்த ஏத்து. எம் மூஞ்சிய இன்னாத்துக்கு ஏத்துற?”

“கணக்கு அப்படி வருது” என்று மழுப்பினேன்.

“கணக்க யாரு போட்டா? நீதானே போட்ட” என்றாள்.

மறுநாள் பார்த்தால், என் நிரலில் முகங்களை வெளுக்கவைத்த அந்த ஒரு வரியை ஓடாமல் நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘அவளைக் கேட்காமல் அவளைத் தொடாதே.’ இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

துறையின் விளம்பரக் கையேட்டுக்கு நம்மை வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாதிரி வந்தபோது அவள் என்னைவிடச் சிவப்பாக இருந்தாள். நேரே அலுவலகத்துக்குப் போனாள். “என்னப் போடறதுன்னா என்னப் போடுங்க சார். இல்லைன்னா எடுத்துடுங்க” என்றாள். எடுத்துவிட்டார்கள். அச்சாகி வந்த கையேட்டில் அவள் நின்ற இடத்தில் ஒரு செடித்தொட்டியை ஒட்டியிருந்தார்கள். “பரவால்ல, செடியாவது அதும் நெறத்துல கீது” என்று சிரித்தாள். நாமும் சேர்ந்து சிரித்தோம். ஒருவர்கூட வாய் திறந்து கேட்கவில்லை. நான் உட்பட.

கடைசிப் பருவத்தில் அவள் செய்த ஆய்வுக்கு அம்மாவின் கடைதான் களம். அந்தி வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பத்துப் படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, மங்கலை மட்டும் நீக்கினாள். மீன் விற்கும் அம்மாக்களின் நிறம் ஒரு துளி மாறவில்லை. கேமரா முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம், “என்னையும் ஒண்ணு எட்றீ” என்றாள். எடுத்தேன். அவளே உட்கார்ந்து அதைச் சீராக்கினாள். அந்தப் படம் என்னிடம் இருந்தது.

துக்கத்துக்குப் போனபோது, தெருமுனையில் அதே வெளுத்த முகம் ஆளுயர பேனராக நின்றது. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பேனர் கடைக்காரரு அழகா போட்டுத் தரேன்னாரு. எம் பொண்ணு ஜாடையே இல்லம்மா. யாராண்ட போய் கேக்கறது?”

“நான் கேக்கறேம்மா” என்றேன்.

மந்தைவெளியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில், என்னிடம் இருந்த அந்த அசல் படத்தைக் கொடுத்தேன். படம் திரையில் விரிந்ததுமே டிசைனரின் கை தானாக மவுஸை நகர்த்தியது.

“கொஞ்சம் ஏத்தி வுட்ரவா மேடம்? பொண்ணு டல்லா கீது.”

“டல் இல்லை, கறுப்பு. ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீங்க.”

“எல்லாருக்கும் பண்றதுதான் மேடம்.”

“நானும் பண்ணியிருக்கேன். அதனாலதான் சொல்றேன்.”

அச்சாகி வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று பழையதை இறக்கிவிட்டுப் புதியதைக் கட்டினோம். அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டார். “இப்பத்தான் வந்துகீறா” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர் என் காதருகே, “இன்னும் கொஞ்சம் பளிச்சுனு போட்டிருக்கலாம்” என்றார். செடித்தொட்டிக்குப் பேசாத என் வாய் அன்று பேசியது. “பளிச்சுனுதான் சார் இருக்கா. உங்களுக்குத்தான் பார்க்கத் தெரியலை” என்றேன். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அந்தப் படத்தைத் தவிர அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவள் நிறுத்திவைத்த அந்த ஒரு வரியும் பக்கத்தில் எழுதிய குறிப்பும். இன்று வேலைக்காக நான் எழுதும் ஒவ்வொரு நிரலிலும் அந்தக் குறிப்பைத்தான் முதலில் எழுதுகிறேன். அந்த அஞ்சலிப் படம் இன்னும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். அசலை நான் அனுப்புகிறேன். அவளைக் கேட்க இனி வழியில்லை. ஆகவே யாரும் தொடக் கூடாது.