பள்ளங்கியில் விழுந்த தூசி

"காத்தைப் புடிச்சு மெட்ராசுக்கு அனுப்புற டீச்சர் இதுதாங்க" என்று, கொடைக்கானலிலிருந்து பள்ளங்கி கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் யாரோ யாருக்கோ சொன்னார்கள். நான் டீச்சர் இல்லை என்று திரும்பிச் சொல்லத் தைரியம் வரவில்லை. மலைக்காற்றில் கலந்திருக்கும் புகையையும் தூசியையும் அளப்பது என் உத்தியோகம். கண்ணுக்குத் தெரியாத சரக்கோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

இல்லாததைத் தேடுவது

கந்தகப் புகை இருக்கிறதா என்று பார்க்க, கைப்பம்பால் காற்றை இழுத்து ஒரு மருந்துத் தண்ணீருக்குள் குமிழிவிடச் செய்ய வேண்டும். வாராவாரம் செய்வேன். கொடைக்கானல் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர், என்ன கிடைத்தது என்று தவறாமல் விசாரிப்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒருநாள் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லேன்னு கண்டுபுடிக்கவா இம்புட்டுப் படிப்பு? எங்க மச்சான் படிக்காமலே அதைத்தாம்மா செஞ்சுக்கிட்டிருக்காரு."

வெள்ளிக்கிழமை

தூசிக்குத் தனி ஏற்பாடு. பள்ளங்கியில் மூக்காயி அக்காவின் உருளைக்கிழங்குத் தோட்டத்து ஓரம், ஒரு மரக்கம்பத்தின் மேல் வாயகன்ற கண்ணாடிக் குடுவை. மாதம் முழுக்கத் திறந்தே கிடக்கும். விழுந்ததை எடுத்து நிறுப்போம். இரண்டு மாதமாகக் குடுவை பளபளவென்று இருந்தது. இந்த மாதமும் இப்படியென்றால் இந்த அளவீட்டு நிலையத்தை மூடிவிட்டு என்னைச் சென்னை அலுவலகத்துக்கே அழைத்துக்கொள்வதாக என் மேலதிகாரி சொல்லி அனுப்பினார். எனக்கோ இந்தக் குளிரும், அதிகம் பேசவேண்டியிராத இந்த வேலையும் பிடித்துப்போயிருந்தன.

புதுக் குடுவை வைத்த வாரமே, வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்றேன். மூக்காயி அக்கா அதை மடியில் வைத்து, சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அழுக்கோடயே போட்டுட்டுப் போயிடுறீங்களே டீச்சர். படிச்ச பிள்ளைக்குச் சோலி சாஸ்தின்னு, வெள்ளிக்கு வெள்ளி நாந்தானே வெளக்கி வைக்கிறேன்."

அதிகாரி வந்தார்

குடுவையில் தூசி இல்லையென்றால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று சொன்னதும் அக்கா பதறிவிட்டார். எவ்வளவு தூசி வேண்டும், முறத்தில் அள்ளி வந்து கொட்டிவிடுகிறேன் என்றார். தானாக விழுவதுதான் கணக்கு என்று புரியவைக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அதற்குப் பிறகு கோழியைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை.

மாதக் கடைசியில் அதிகாரி ஜீப்பில் வந்தார். குடுவையின் அடியில் மெல்லிய சாம்பல்நிறப் படிவு. குனிந்து பார்த்தபடியே சிகரெட் பற்றவைத்தார். நுனிச் சாம்பல் நீண்டு, குடுவையின் வாய்க்கு நேரே நின்றது. மூக்காயி அக்கா வரப்பிலிருந்து ஓடிவந்து இரண்டு கையாலும் குடுவையை மூடினார்.

"அங்கிட்டுத் தள்ளி நின்னு குடிங்க சார். இதுல விழுகுறது தானா விழுகணும்."

அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிகரெட்டைச் செருப்பின் அடியில் தேய்த்து அணைத்து, மிச்சத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குடுவைக்கு மூடி போட்டு ஜீப்பில் ஏற்றினார். பிறகு, அடுத்த மாதத்துக்கான வெற்றுக் குடுவையை எடுத்துவந்து மரக்கம்பத்தின் மேல் வைத்தார்.