சிங்கர் தேவை, உடனே

வேலம்பாளையத்து ஓவர்லாக் டெய்லர் டேனியலின் சங்கீத வாழ்க்கை 2006 டிசம்பர் 11, திங்கட்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு முடிந்து, வியாழக்கிழமை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நாள்களைச் சரித்திரம் ஏனோ கண்டுகொள்ளவில்லை.

இரண்டு வருடமாகச் சர்ச் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவருக்குக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் தனியாகப் பாட முதல் வாய்ப்பு. தைத்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். நாற்பது மிஷின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்காது; ஆகவே குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்தத் திங்களன்று அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனி வாசலில் 'சிங்கர் தேவை, உடனே' என்று பலகை தொங்கியது. திருப்பூரில் சிங்கர் என்றால் சிங்கர் மிஷினில் தைப்பவர். கோவில்பட்டியிலிருந்து அன்றுதான் பஸ் இறங்கிய மேடைப் பாடகர் தமிழ்செல்வனுக்கு இது தெரியாது. பனியன் கம்பெனியில் பாட ஆள் வைக்கிறார்கள், எப்பேர்ப்பட்ட ஊர் என்று நெகிழ்ந்து உள்ளே போனார்.

"எத்தனை வருச சர்வீஸுங்க?" என்றார் சூப்பர்வைசர் மயில்சாமி.

"பத்தொன்பது வருசம்ணே."

மறுபேச்சில்லை, மிஷினில் உட்கார வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஊசி உடைந்தது, உண்மையும் வெளிவந்தது.

"செரி, பாடியாச்சும் காட்டுங்க" என்றார் மயில்சாமி சாப்பாட்டு நேரத்தில்.

தமிழ்செல்வன் பாடினார். செக்கிங் பெண்கள் ரசஞ்சோற்றை மறந்தார்கள். டேனியல் டிபன் பாக்ஸை மூடினார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பாட்டை வேற ஆருக்காச்சும் குடுத்தறலாம்" என்று வீட்டில் அறிவித்தார்.

"கட்டுன தொண்டையில மூணு தோசை எப்படீங்க எறங்குச்சு?" என்றார் மனைவி சித்ரகலா.

வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத மயில்சாமி, தையல் பழக்கச் சொல்லி டேனியலிடமே ஒப்படைத்தார். வியாழனன்று, டேனியல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பனியன் கையைத் தைத்து எறிந்ததைப் பார்த்துத் தமிழ்செல்வன் எழுந்துவிட்டார்.

"உங்க வேகத்தைப் பாத்த பொறவு ஊசியத் தொடவே கூசுதுண்ணே. நான் ஊருக்கே போறேன்."

"அட, நான் பதினாலு வருசமாத் தைக்கறனுங்க. நீங்க வந்து நாலு நாளு. அதுக்குள்ள என்னையாட்ட ஓட்டோணும்னா எப்படீங்க?"

சொன்னது யார் என்று பார்ப்பவர்போல் டேனியல் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. பத்தொன்பது வருடம் பாடியவர் ஒருவர். ஞாயிறுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வருடம் பாடியவர் இன்னொருவர். தலையிலிருந்து துணி பண்டலை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது.

"ஏனுங்க, நீட்டிப் பாடறப்ப மூச்சை எங்கீங்க புடிக்கறது?" என்று கேட்டார். தமிழ்செல்வன் மறுபடி உட்கார்ந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் டேனியல் பாடினார். மூன்றாம் சரணத்தில் சுருதி லேசாக விலகியது. தானே தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் தமிழ்செல்வன் தலையாட்டினார். பனியனில் ஒரு கை சற்று நீளம். வெளியே வந்து இருவரும் கேக் தின்றார்கள். சரணம், கை இரண்டைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை.