இன்னும் ஐந்தரை மணித்தியாலம்

இணையத்தளத்தை அதை இயக்கும் ஒரு கொன்ட்ரோல் பெனலிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். அதற்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறேன். கல்முனையில் நோன்பு திறக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அது காட்டும். நாலு பக்கமும் பாங்கு கேட்கிற ஊரில் இதை யார் பார்ப்பார்? நாளுக்கு இரண்டு பேர் வந்ததாகப் பெனல் சொல்லும். ஒன்று நான், மற்றது ஏதோ இயந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற நோன்பில் ஒரு பகல், தளத்தை வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்கு மாற்றினேன். படம், எழுத்து எல்லாம் பிசகாமல் வந்தன. பெருமையோடு கணினியை மூடினேன். அந்தச் சேர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொல்லிச் சற்று நேரம் ஆகியிருந்தது. பேரீச்சம்பழம் தின்று கஞ்சிக் கோப்பையை எடுத்தேன். தளத்தில் போட்டிருந்த என் தொலைபேசி இலக்கத்துக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் செய்தி அனுப்பியிருந்தார்.

“தம்பி, உங்கட தளத்தில இன்னும் அஞ்சரை மணித்தியாலம் இரிக்கி என்டு காட்டுது. வெளிய இருட்டிட்டு. எனக்குக் காது கேக்காது, வீட்டில வேற ஆக்களும் இல்ல. நோன்பு திறக்கலாமா?”

கோப்பையைக் கீழே வைத்தேன். “ஓம் ராத்தா, உடனே திறங்க. பிழை என்னிலதான்,” என்று எழுதினேன்.

“கஞ்சி ஆறுது,” என்றாள் மனைவி. சேர்வரின் நேரத்தைத் திருத்திவிட்டுத்தான் குடித்தேன்.

மறுநாள் பாங்கு சொல்லும்போதே ஒரு படம் வந்தது: பாதி கடித்த பேரீச்சம்பழம். “சரியா இரிக்கி தம்பி.”

இப்போதும் தளங்களை இடம் மாற்றி விளையாடுகிறேன். இதை மட்டும் நோன்பில் தொடுவதில்லை. பெனல் இன்றைக்கும் இரண்டு பேர் என்றுதான் காட்டுகிறது. எனக்கு அது போதும்.