பிஸ்கட் டப்பாக் கிளி

துப்பாக்கியைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார் மெக்கானிக். 'டிக்' என்றது. "ம்… கீலு பேசுது," என்றார். இன்னும் பேசவிட்டால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடுமே என்று பக்கத்தில் நின்ற மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்குக் கீல் இறுக்குவது இவர் தொழில். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள்தான் கொண்டுவருவார்கள். குழல் மடங்கும் இடத்தில் ஒரு கொக்கி உண்டு. அது தேய்ந்தால் குழல் ஆடும். தேய்ந்த இடத்தில் புது இரும்பு ஏற்றி, விளக்குக் கரி தடவி, மூடித் திறந்து, கரி எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி. ஒரு கீலுக்கு நூறு தடவையாவது இது நடக்கும். மூக்கு நுனியில் எப்போதும் கரி இருக்கும்.

அவருடைய மூக்குக் கண்ணாடியின் கீலோ கழன்று, நூலால் கட்டியிருக்கிறது. குனிந்தால் விழுந்துவிடும். "ஊருக்கெல்லாம் கீலு பாக்குறாரு, சொந்தக் கண்ணாடிக்கு நேரமில்ல," என்பார் உள்ளேயிருந்து அவர் மனைவி. "அது என்ன வெடிக்கவா போகுது? மெதுவாப் பாத்துக்கலாம்," என்பார் இவர்.

இனி என் பெருமை. மாமனார் உயிரையே வைத்திருக்கும் துப்பாக்கி அது; அதன் குழல் ஆடத் தொடங்கியது. "இதுக்குப் போயி மெக்கானிக்கா? குடுங்க மாமா, நானே முடிச்சிடுறேன்," என்று வாயை விட்டேன். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே எனக்குத் தகராறு. பிஸ்கட் டப்பாவை வெட்டி, ஒரு துண்டுத் தகட்டைக் கீலுக்குள் திணித்தேன். கல் மாதிரி நின்றது! கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக மாமனார் என் தோளைத் தட்டினார். பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளை கை வச்சா வச்சதுதான்," என்றார். ஐந்தாம் நாள் குழல் மறுபடி ஆடியது. "நீங்க சரியாத்தான் செஞ்சிருப்பீங்க மாப்பிள்ளை, வேற ஏதோ கோளாறு," என்று என்னையும் இங்கே கூட்டி வந்துவிட்டார்.

மெக்கானிக் குழலைக் கழற்றினார். கீலிலிருந்து பச்சைத் தகடு ஒன்று மேஜையில் விழுந்தது. டப்பாவில் அச்சடித்திருந்த கிளியின் தலை, சிவப்பு அலகோடு. மெக்கானிக் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷம் காத்துக் கிடைத்த தோள்தட்டல், போச்சு!

"என்ன அது?" மாமனார் எட்டிப் பார்த்தார்.

"நம்ம கண்ணாடிக்குத் தேடிட்டிருந்த தகடு சார்."

நூலை அறுத்தார். கிளித்தலையை மடித்துக் கண்ணாடிக் கீலில் செருகி மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிப் பார்த்தார், கண்ணாடி அசையவில்லை. பிறகு, கிளி என்னைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கொக்கியில் கரி தடவத் தொடங்கினார்.