அம்மாவின் வெறும் பை

அன்பிற்குரிய உறவினர்களே, நண்பர்களே! அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பேச்சு மேடைகளில் நான் வென்ற கோப்பைகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிய கை அவர்களுடையது. அந்தக் கையில் தொங்கிய ஒரு துணிப்பையைப் பற்றியே எழுதுகிறேன்.

கொற்கைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, பாளையங்கோட்டையில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் அம்மா. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, கட்டிலிலேயே முடிந்துபோன தம் தந்தையைக் கண்டவர்கள். அதே நோய் தமக்கும் வந்தபோது, "அப்பா மாதிரி கிடக்க மாட்டேன். கடைசி வரைக்கும் என் காலுல நிப்பேன்" என்றார்கள். சோற்றைக் குறைத்தார்கள், கீரையையும் பயற்றையும் கூட்டினார்கள், காலையில் நடக்கப் புறப்பட்டார்கள்.

புறப்படுவது எளிது, எங்கள் தெருவைக் கடப்பதன்றோ அரிது! எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே மறித்தார்கள்.

"மதினி, எங்க போறிய?"

"சும்மாதான் நடக்கேன்."

"சும்மாவா? அண்ணன்கூட ஏதும் சண்டையா?"

அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்த வீட்டில் சர்க்கரை போட்ட காப்பி. மாலைக்குள் அப்பாவிடம் சமாதானம் பேச ஆளே வந்துவிட்டது.

மறுநாள் அம்மா வெறும் பையோடு இறங்கினார்கள். கடைக்குப் போகிறவரை யார் தடுப்பார்? எவரும் தடுக்கவில்லை, எல்லோரும் சாமான் சொல்லிவிட்டார்கள். "மதினி, அப்படியே ரெண்டு தேங்கா!" நடக்கப் போனவர்கள் தோள்வலியோடு திரும்பினார்கள்.

"எதுக்கும்மா இந்த வேஷம்? நான் போய்ப் பேசுதேன்" என்றேன்.

"நீ மேடையில பேசு. இந்தத் தெருவுல நான்லா குடியிருக்கணும்!"

எதிரணியை மடக்கியே பழகிய நான், அன்று அந்தப் பையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். விருந்தில் இனிப்பை மறுத்தால், "எங்க வீட்டு அல்வா இறங்காதோ?" என்பார்கள். கேட்டவர்கள் பகைவர்களா? பாசமுள்ளவர்கள். அதனால்தான் தப்ப வழியில்லை.

ஆயினும் அம்மா நடந்தார்கள், பல ஆண்டுகள், அந்தப் பையோடு. இறுதியில் நெஞ்சு நோயால் மருத்துவமனையில் இருந்தபோது, தாழ்வாரத்தில் சற்றே நடக்கலாம் என்றார் மருத்துவர். அங்கே எங்களை அறிந்தவர் ஒருவருமில்லை. எழுந்து நின்ற அம்மா என்னிடம், "ஏட்டி, அந்தப் பையை எடுத்துத் தா" என்றார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். தம் காலில்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், அடக்க ஆராதனைக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், துக்க நாள்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட எதிர்வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நாளைக் காலை நான் நடக்கப் போகிறேன். கையில் பை இருக்காது. எங்கே என்று கேட்காதீர்கள், அத்தை. கூட வாருங்கள்.