படிவத்தில் மறைத்த ஒரு வரி

அக்காவின் தலையில், உச்சிக்குச் சற்றுப் பின்னால், கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு டாக்டர் அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். லேப் படிவத்தை நிரப்பியவள் நான். முன்பு புற்றுநோய் இருந்ததா என்ற கேள்வியின்மேல் அக்கா விரலை வைத்து அழுத்தினாள்.

"இல்லைன்னு எழுதுடி. அந்த லேப்ல மாப்பிள்ளையோட சித்தி வேலை பாக்கறாங்க."

ஆறு வருடத்துக்கு முன் அக்காவுக்கு மார்பகப் புற்று வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இப்போது அவள் பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதைத்தான் எழுதினேன்.

ரிப்போர்ட் வந்தது. வியர்வைச் சுரப்பிக் கட்டி, அரிதானது, ஆபத்தில்லாதது, முழுசாக எடுத்தாயிற்று. அக்கா வீடே அதிரச் சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய நோயே தலைக்குப் பரவியிருந்தால்? மறைத்த சங்கதி லேபுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை லேபுக்குப் போய், ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கன்னடக்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. திட்டுவார் என்று பயந்தேன். விஷயம் தன் மேஜையைத் தாண்டாது என்றார். மார்பகச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் பங்காளிகள் மாதிரி, மைக்ராஸ்கோப்பில் ஒரே முகஜாடை காட்டும்; எந்தச் சுரப்பி என்று காட்டிக்கொடுக்கும் மார்க்கர் சாயங்கள் போட வேண்டும், அதிலும் தீராவிட்டால் மரபணுச் சோதனை என்றார். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய ஆபரேஷனில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையும் வேண்டும். அதை அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க அக்காவின் கையெழுத்து தேவை.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு ஃபைலை என் மடியில் எறிந்தாள்.

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்ட. இனிமே என்கூடப் பேசாத."

தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தக் கட்டையைக் கைப்பையில் வைத்து, பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். சாயங்கள் பாதி இப்படியும் பாதி அப்படியும் சொல்லின. மரபணுச் சோதனைக்கு மூன்று வாரம். மாடியில் நான், கீழே அவள், ஒரு வார்த்தை கிடையாது. செல்போன் அடித்தாலே லேபோ என்று ஓடிப்போய் எடுப்பேன். செய்தது நல்லதா துரோகமா என்று தெரியாமல் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒருவழியாக டாக்டரம்மா கூப்பிட்டார். ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி போனோம். தலைக் கட்டியில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தனவாம். இந்த வகை வியர்வைச் சுரப்பிக் கட்டிக்கு அதுதான் அடையாளம். பழைய கட்டையில் அது இல்லை.

"பேஜார் மாட்கோபேடி, கவலைப்படாதீங்க அம்மா. பழசு திரும்பி வரல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆபரேஷன் நாளில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"மொத ரிப்போர்ட்ட நான் ஒரு நிமிஷம்கூட நம்பலடி. பொய் சொல்லி வாங்கினத எப்படி நம்பறது?"

அடிப்பாவி, அத்தனை பயத்தையும் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாய்? ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்க, நடுரோட்டில் அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.