கார்டை எடுத்ததும் நின்றுபோன சார்ஜ்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சென்னை போய், நானும் கணவரும் சொகுசுக் கப்பலில் ஏறினோம். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. தினமும் சார்ஜ் போட்டு மாட்டும் காதுக்கருவிதான் துணை.

மறுநாள் காலை கருவியை அறையில் சார்ஜில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சுவரில் செருகியிருந்த, கதவைத் திறக்கும் கார்டையும் எடுத்துக்கொண்டேன். அதை எடுத்தால் அறைக்கே மின்சாரம் நின்றுவிடும் என்று தெரியாது. திரும்பியதும் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமலே கருவியை அவரிடம் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார்.

சற்று நேரத்தில், காற்று பலமாக வீசுவதால் எல்லோரும் உள்ளே வரும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. பதறிப்போய்ப் படியேறினேன். ஆளில்லாத தளத்தின் கோடியில் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஊழியர் ஒருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டதும் திரும்பினார். "மிஷினு மேல வந்ததுமே நின்னுபோச்சு. உன்ன அலைய வைக்க வேணாம்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றார்.

இப்போதெல்லாம் நாங்கள் அறையில் இருக்கும்போதுதான் கருவியைச் சார்ஜில் வைக்கிறேன். வெளியூரில் எங்கே தங்கினாலும், அவருக்குக் காது கேட்காது என்பதை அங்குள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.